ஒரு வேளைக் கறவை தவறினால் மாட்டுக்கு என்ன ஆகும்?

கேள்வியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. கறவை தள்ளிப்போனால் மாடு வேதனைப்படுமா? அடுத்த வேளை கறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? வேதனைப்படும். எவ்வளவு என்பது எத்தனை மணி நேரம் கடந்தது, மாடு ஈன்று எத்தனை நாளாயிற்று என்பதைப் பொறுத்தது. இரண்டாவதற்கும் பெரும்பாலும் ஆம்தான். ஆனால் தாமதம் செய்த கெடுதலைவிட, தாமதத்துக்குப் பிறகு அவசர அவசரமாகக் கறந்து செய்யும் கெடுதல்தான் பல கொட்டகைகளில் அதிகம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். நாளுக்கு 20 லிட்டர் கறக்கும் மாட்டின் மடியில் மணிக்கு ஏறக்குறைய 800 மில்லி பால் சேர்கிறது. பால் முழுவதும் காம்புக்கு மேலே ஒரு பையில் தேங்கி நிற்பதில்லை. ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் அங்கே இருக்கும்; மீதி மடி முழுக்கப் பரவியிருக்கும் நுண்ணறைகளுக்குள்ளேயே நிற்கும். அதனால்தான் நேரம் தவறும்போது காம்பு மட்டுமல்ல, மடி மொத்தமும் விம்மிக் கல்லாகிறது.

கறந்து 12 மணி நேரம் வரை சுரப்பு ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகும். அதன் பிறகு தேங்கிய பாலே சுரப்பைக் கட்டுப்படுத்தத் தொடங்கும். 18 மணி நேரத்தை நெருங்கும்போது இன்னொரு மாற்றம். சுரப்புச் செல்களை ஒன்றோடொன்று நெருக்கிப் பிடித்திருக்கும் இணைப்புகள் நெகிழ்ந்து, இரத்தத்திலுள்ள சோடியமும் குளோரைடும் பாலுக்குள் கசியும். பாலிலுள்ள லாக்டோஸ் இரத்தத்துக்குப் போகும். ஒரு வேளை தவறிய மாட்டின் பால் லேசாகக் கரிப்பது இதனால்தான். எனவே மாலைக் கறவை மூன்று மணி நேரம் தள்ளிப்போவதும், மாலைக் கறவையே இல்லாமல் மறுநாள் காலை கறப்பதும் ஒன்றல்ல. முதலாவது 15 மணி நேர இடைவெளி. மாடு அசௌகரியப்படும், அவ்வளவே. இரண்டாவது 24 மணி நேரம். அடுத்த சில நாள் பாலளவும் குறையலாம்.

மாடு இதை எப்படிக் காட்டும்? பின்னங்கால்களை அகட்டி நிற்கும், கால் மாற்றி மாற்றி வைக்கும். நல்ல கறவை மாடு நாளில் 10 முதல் 12 மணி நேரம் படுத்திருக்க வேண்டியது. மடி இறுகியிருந்தால் படுக்கத் தயங்கும், படுத்தாலும் சீக்கிரம் எழுந்துவிடும். கறக்கும் இடத்தைப் பார்த்துக் கத்தும். சில மாடுகளுக்குக் காம்பிலிருந்து பால் தானாகவே சொட்டும். கத்தாமல் நிற்கும் மாட்டுக்கு வலி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். வலியை வெளிக்காட்டாமல் நிற்பது மாட்டின் இயல்பு. படுக்கை நேரத்தையும் கால் வைப்பையும் நம்புங்கள். ஈன்று இரண்டு மூன்று மாதத்துக்குள் இருக்கும் மாடும், முதல் ஈற்றுக் கிடேரியும் அதிகம் அவதிப்படும். கறவைக் காலத்தின் கடைசியில் நாளுக்கு ஆறேழு லிட்டருக்கு இறங்கிவிட்ட மாடு ஒரு வேளை தவறியதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது.

பால் சொட்டுவதுதான் உண்மையில் கவலைப்பட வேண்டிய அறிகுறி. சொட்டுகிறதென்றால் காம்புத் துளை திறந்திருக்கிறது. அப்படியே சாணத்திலும் ஈரத்திலும் படுத்தால் கிருமிக்கு வாசல் திறந்து வைத்த மாதிரி. உடனே கறக்க முடியாவிட்டால் படுக்கும் இடத்தையாவது காய்ந்ததாக மாற்றுங்கள்.

தாமதமான கறவையைத் தொடங்கும்போது அதட்டாதீர்கள், விரட்டிக்கொண்டு வராதீர்கள். பயந்த மாட்டுக்கு அட்ரினலின் சுரந்து பால் இறங்குவதைத் தடுத்துவிடும். மடி நிறைய இருந்தும் பால் வராது. காம்புகளைக் கழுவி, துடைத்துக் காயவிட்டு, ஒவ்வொரு காம்பிலும் மூன்று நான்கு பீச்சு முன்பாலை அடி கறுப்பான கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். காம்பைத் தொட்டதிலிருந்து 60 முதல் 90 வினாடி கழித்து முழுக் கறவையைத் தொடங்கலாம். பாலை இறக்கும் ஆக்ஸிடோசினின் வேகம் சில நிமிடங்கள்தான் நிற்கும். நடுவில் எழுந்து போகாதீர்கள்.

இறுகிய மடியில் காம்பு குட்டையாகி வெளிப்பக்கம் விரிந்து நிற்கும். கைக்குள் அடங்கவில்லை என்று கட்டைவிரலை மடக்கி அழுத்தி இழுப்பார்கள். அங்கேதான் காம்பின் உட்புறம் புண்ணாகிறது. முதலில் மெதுவாகக் கொஞ்சம் எடுத்து இறுக்கம் தளர்ந்ததும் முழுக்கையால் கறங்கள். இயந்திரத்தில் இதே காரணத்தால் காம்பில் மாட்டும் கப் நழுவும். நழுவும்போது பாயும் காற்று, பால் துளிகளைக் கிருமியோடு மற்றக் காம்புகளுக்குள் அடித்துவிடும். அதற்காக வெற்றிட அழுத்தத்தை ஏற்றாதீர்கள், கப்பைக் கையால் தாங்கிப் பிடியுங்கள். பால் இறங்கவில்லை என்று நீங்களாகவே ஆக்ஸிடோசின் ஊசி போடவும் வேண்டாம். அது மருத்துவர் முடிவு.

கறந்து முடித்ததும் காம்புகளை அயோடின் கரைசலில் நனைத்து, தீவனம் வைத்து, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் நிற்க வையுங்கள். காம்புத் துளை மூட அவகாசம் கிடைக்கும்.

கறவை இயந்திரம் பழுதாகி எல்லா மாட்டையும் கையால் கறக்க நேர்ந்தால், அதிகம் கறப்பவையும் பால் சொட்டுபவையும் முதலில். மடிநோய் உள்ள மாடு வழக்கம்போலக் கடைசியில்தான், எவ்வளவு இறுகியிருந்தாலும். வேறொரு ஆள் இருந்தால் மட்டும் தனியாக முன்னே கறக்கலாம்.

அடுத்த நாலைந்து நாள் முன்பாலைக் கவனியுங்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: நீண்ட இடைவெளிக்குப் பிறகு நோயே இல்லாமலும் பாலில் உடற்செல் (பாலில் கலந்துவரும் வெள்ளணு முதலிய மாட்டின் செல்கள்) எண்ணிக்கை ஓரிரு நாள் உயரும். மடிநோய்ச் சோதனைத் திரவம் நான்கு காம்பிலும் லேசாகக் கெட்டியானால் பதறாமல் இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள். மற்ற மூன்றும் கறந்ததும் தொய்ந்துவிட, ஒன்று மட்டும் சூடாகவும் கெட்டியாகவும் நின்றாலோ, அதில் திரி திரியாகப் பால் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

"அப்படியானால் சினை மாட்டைப் பால் வற்றவிடும்போது கறக்காமலே விடுகிறோமே?" என்று கேட்கலாம். அங்கே முன்கூட்டியே அடர்தீவனத்தைக் குறைத்துப் பாலளவையும் குறையவிட்டு, காம்பைப் பாதுகாத்துத்தான் நிறுத்துகிறோம். நாளுக்கு 15 லிட்டருக்கு மேல் கறந்துகொண்டிருக்கும் மாட்டை ஒரே நாளில் நிறுத்தினால், அதுவும் இதே மாதிரி கால் அகட்டி நிற்கும், பால் சொட்டும்.