நடுராத்திரியில் ஜாம்பி படம் பார்க்கிறேன்... எனக்கு மனநோயா, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 34. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். ஒரு வாரம் காலை ஷிப்ட் என்றால் அடுத்த வாரம் இரண்டாம் ஷிப்ட். இரண்டாம் ஷிப்ட் முடிந்து வீடு சேர ராத்திரி பன்னிரண்டரை ஆகிவிடும். சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டே போனில் ஜாம்பி படம் பார்ப்பேன். செத்தவர்கள் எழுந்து கடிக்க வருவார்களே, ஊரே காலியாகக் கிடக்குமே, அந்த மாதிரிப் படங்கள். குடும்பப் படம், காமெடி எதிலும் மனசு ஒட்டுவதில்லை. தூக்கம் வந்தால் பாதியில் நிறுத்திவிட்டுப் படுப்பேன். காலையில் ஆறு மணிக்குக் குழந்தையை எழுப்ப வேண்டும். 2021 மே மாதம் கொரோனாவில் அப்பா இறந்தார். முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தப் பழக்கம். படம் பார்க்கும்போது பெரிதாகப் பயம் வராது. கடிபட்டவரை விட்டுவிட்டு மற்றவர்கள் கிளம்பும் இடத்தில் மட்டும் அழுதுவிடுவேன். "பிள்ளை பெத்தவ நடுராத்திரியில பொணப் படம் பார்க்கிறா, ஏதோ பிடிச்சிருக்கு" என்கிறார் மாமியார். இரண்டு மாதமாக விடியற்காலையில் முழிப்பு வந்தால் கை கால் அசைக்க முடியவில்லை. நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. போன மாதம் என் ஆறு வயது மகளும் தூக்கத்தில் எழுந்து படத்தைப் பார்த்துவிட்டாள். அதிலிருந்து தனியாகப் பாத்ரூம் போவதில்லை, மூன்று முறை படுக்கையிலேயே சிறுநீர் போய்விட்டாள். மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறார். எனக்கு மனநோயா? ஏன் இந்தப் படங்கள் மட்டும் பிடிக்கின்றன?
- பெயர் வேண்டாம், காவேரிப்பட்டணம்

பதில்: முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன் சகோதரி. இந்தப் படங்கள் பிடிப்பது மனநோய் இல்லை. உங்களை எதுவும் பிடிக்கவும் இல்லை. வேலைக்குப் போகிறீர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்கிறீர்கள், குழந்தைக்கு ஒன்று என்றதும் பதறி எழுதுகிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் கவனிக்க வேண்டியவை மூன்று இருக்கின்றன: உங்கள் தூக்கம், மகளின் பயம், அப்பாவின் சாவு. அவற்றைப் பிறகு பார்க்கிறேன். "ஏன் பிடிக்கிறது" என்று கேட்டீர்களே, அது நல்ல கேள்வி. நிறையப் பேர் வெட்கப்பட்டுக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

பயம் வரும்போது உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. நாடி வேகமாகிறது, மூச்சு மேலேறுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. யானை எதிரே வந்தாலும் திரையில் பிணம் எழுந்தாலும் உடம்பு செய்வது இதைத்தான். வித்தியாசம் எங்கே என்றால், படம் பார்க்கும்போது மூளையின் முன்பகுதி "நீ பாயில்தான் படுத்திருக்கிறாய்" என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. உடம்பு ஓடத் தயாராகிறது, ஓட வேண்டிய அவசியம் இல்லை. படம் முடிந்ததும் அந்த வேகம் அடங்குகிறது. அடங்கும்போது வரும் நிம்மதி உண்மையான நிம்மதி. டென்மார்க்கில் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 110 பேருக்கு இதயத் துடிப்பு அளக்கும் கருவியை மாட்டிப் பேய் வீட்டுக்குள் அனுப்பிப் பார்த்தார்கள். 2020-ல் அந்த ஆய்வு வெளியானது. பயம் குறைந்தவர்களுக்கும் சுகமில்லை, அளவு மீறிப் பயந்தவர்களுக்கும் சுகமில்லை. நடுவில் இருந்தவர்கள்தான் அதிகம் ரசித்தார்கள். குழம்புக்கு உப்பு போலத்தான்.

நீங்கள் காவேரிப்பட்டணம் என்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. மாசி அமாவாசையில் உங்கள் ஊரில் நடக்கும் மயானக் கொள்ளையைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பீர்கள். முகத்தில் கறுப்பும் சிவப்பும் பூசி, நாக்கைத் தொங்கவிட்டு, வாயில் எலும்பைக் கவ்விக்கொண்டு வேஷக்காரர்கள் ஆடி வரும்போது அப்பாவின் தோளில் உட்கார்ந்து கண்ணை மூடாத குழந்தை யார்? விரல் இடுக்கு வழியாகவாவது பார்த்தே தீருவோம். ஊரே சேர்ந்து அங்காளம்மனோடு சுடுகாட்டுக்குப் போய்த் திரும்புகிறது. சாவை ஒரு நாள் நேருக்கு நேர் பார்த்துவிட்டு வந்து சோறு சாப்பிட நம் முன்னோர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கப் போகிறவர்களை யாரும் பைத்தியம் என்று சொல்வதில்லையே. உங்கள் மாமியாரிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம்.

சரி, பேயை விட்டு ஏன் ஜாம்பி? பேய்க்கு ஒரு கதை உண்டு, ஒரு கோபம் உண்டு. ஜாம்பிக்கு ஒன்றும் கிடையாது. அந்த நம்பிக்கை பிறந்தது கரீபியக் கடலில் உள்ள ஹைத்தி நாட்டில். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு போனவர்களை பிரெஞ்சுக்காரர்கள் அங்கே கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வைத்து வேலை வாங்கினார்கள். அந்த மண்ணில் ஜாம்பி என்றால் செத்த பிறகும் எழுப்பப்பட்டு, சுய நினைவில்லாமல் இன்னொருவனுக்கு உழைக்கும் உடம்பு. செத்தாலாவது ஓய்வு கிடைக்கும் என்ற நம்பிக்கையும் பறிபோவதுதான் அங்கே பயம். 1968-ல் வந்த ஓர் அமெரிக்கப் படத்துக்குப் பிறகுதான் கூட்டமாக வந்து மனிதனைத் தின்னும் உருவமாக அது மாறியது. 2000-க்குப் பிறகு பெரும்பாலும் தொற்றுநோயாகவே காட்டுகிறார்கள். 2016-ல் தமிழிலும் 'மிருதன்' வந்தது. தலைமுறைக்குத் தலைமுறை மக்கள் எதற்குப் பயப்படுகிறார்களோ அதை ஜாம்பிக்கு மாட்டிவிடுகிறார்கள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் தலை சாய்ந்து தூங்கிக்கொண்டு வரும் ஒருவருக்கு அந்தப் பழைய ஹைத்திக் கதை எங்கோ தைக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

தொற்றுநோய்க்குப் பயந்த அப்படி ஒரு காலத்தை நாமும் பார்த்தோம். 2020 ஏப்ரல் கடைசியில் தமிழ்நாட்டில் கொரோனா தொற்று இல்லாத பச்சை மண்டலமாக இருந்த ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரி. பெங்களூரு பக்கம் எல்லையில் தடுப்பு, ஓசூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் லாரிச் சத்தம் குறைந்த இரவுகள், வெளியூரிலிருந்து யாராவது வந்தால் தெருவே கதவைச் சாத்திக்கொள்வது. மே மாதம் நோய் உள்ளே வந்தது. ஜாம்பி படத்தின் முதல் அரைமணி நேரம் இதுதான். கதவைத் திறப்பதா வேண்டாமா, இருக்கிற அரிசியை யாருக்குத் தருவது, கடிபட்டவன் உண்மையைச் சொல்வானா? படம் நம்மைக் கட்டிப்போடுவது இந்தக் கேள்விகளால்தான். கொரோனாவின் முதல் மாதங்களில் அமெரிக்காவில் 310 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வில், பயப் படங்களை விரும்புகிறவர்களிடம் மனக்கலக்கம் குறைவாக இருந்தது. ஜாம்பி, உலக அழிவு போன்ற படங்களை விரும்புகிறவர்கள் நிலைமைக்குத் தயாராகவும் இருந்தார்கள். படம் பார்த்ததால் திடமானார்களா, திடமானவர்கள்தான் இந்தப் படம் பார்க்கிறார்களா என்று அந்த ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இந்த ரசனை மனதைக் கெடுத்துவிடும் என்பதற்கு அதில் ஆதாரம் இல்லை.

கடி என்றதும் ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. படத்தில் ஒருவன் சட்டைக் கையை இழுத்துக் கடிவாயை மறைப்பான், பார்க்கும் நமக்குப் பதறும். நிஜத்தில் நம் பிள்ளைகள் நாய்க்கடியை அப்படித்தான் மறைக்கிறார்கள், வீட்டில் அடி விழும் என்று. கடியால் பரவி, மூளையைத் தாக்கி, மனிதனை வெறி கொண்டவன் போல ஆக்கும் உண்மையான வைரஸ் வெறிநாய்க்கடியில் இருக்கிறது. அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாது. அதற்கு முன்பு வந்தால் காப்பாற்றிவிடலாம். கடித்த உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித் தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் போனால் தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறை என்றால் முதல் நாள், அப்புறம் 3, 7, 28-ஆம் நாட்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி என்றால் வைரஸை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டும். "நாய் கடித்தால் திட்ட மாட்டேன், உடனே சொல்" என்று மகளிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

இப்போது அமுக்குவான், அதாவது கை கால் அசைக்க முடியாமல் நீங்கள் முழித்துக்கொள்வது. கனவு வரும் தூக்கத்தில் மூளை நம் கை கால் தசைகளைத் தளர்த்தி வைத்துவிடும். கனவில் ஓடினால் நிஜத்தில் எழுந்து ஓடிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. சில நேரம் மனது விழித்துக்கொள்ளும், தசைகள் இன்னும் விழிக்காது. அந்தச் சில நொடிகள், அதிகம் போனால் ஓரிரு நிமிடங்கள்தான் உங்களை அமுக்குகின்றன. கனவின் மிச்சம் கண்ணெதிரே நிற்பதால் யாரோ இருப்பது போலவும் தெரியும். தூக்கப் பக்கவாதம் என்று இதற்குப் பெயர். பக்கவாத நோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இதனால் உயிருக்கு ஆபத்தும் இல்லை. தூக்கம் குறைந்தவர்களுக்கும், ஷிப்ட் மாறி மாறிப் பார்ப்பவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும். உங்கள் கணக்கைப் பார்த்தால் இரண்டாம் ஷிப்ட் வாரங்களில் நாலு மணி நேரம்கூடத் தூங்குவதில்லை. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். அதனால் நான் குற்றம் சொல்வது படத்தை அல்ல, நேரத்தை.

வந்தவுடன் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் குழந்தையைப் பள்ளிக்கு எழுப்பி அனுப்பும் வேலையை வீட்டுக்காரரோ மாமியாரோ எடுத்துக்கொள்ளட்டும். முடியாவிட்டால் குழந்தை போனதும் ஒன்றரை மணி நேரமாவது மறுபடி தூங்குங்கள். படத்தை வார விடுமுறையன்று பகலில் பாருங்கள், முழுதாகப் பாருங்கள். பாதியில் நிறுத்திவிட்டுப் படுத்தால் அடங்க வேண்டிய படபடப்பு அடங்காமலே தூக்கத்துக்குள் போகிறது. ஒருக்களித்துப் படுங்கள். அமுக்கும்போது எழ முயன்று போராடாமல் கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள், சீக்கிரம் விடும். பகலில் வேலையின் நடுவே தாங்க முடியாத தூக்கம் வந்தாலோ, சிரிக்கும்போது முழங்கால் துவண்டாலோ, குறட்டையின் நடுவே மூச்சு நிற்கிறது என்று பக்கத்தில் படுப்பவர் சொன்னாலோ மருத்துவரைப் பாருங்கள்.

மகள் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அவள் படுக்கும் இடத்தில் இனி இந்தப் படங்கள் வேண்டாம். ஆறு வயதில் "அது பொய், மேக்கப்" என்று சொன்னால் தலையாட்டுவாள், ஆனால் இருட்டானதும் அந்த முகம்தான் வரும். "இதுக்குப் போய் பயப்படறியா" என்று கேட்காதீர்கள். பாத்ரூம் விளக்கைப் போட்டு வையுங்கள், கூடப் போங்கள், சில வாரம் அப்படித்தான். என்ன பார்த்தாள் என்று அவளையே வரையச் சொல்லுங்கள். அதற்குத் தொப்பியோ மீசையோ வரைய ஆசைப்பட்டால் வரையட்டும், பயம் அவள் கைக்குள் வந்துவிடும். கட்டிய கயிறு இருக்கட்டும். பாட்டி அன்பாகக் கட்டியது, அதில் அவளுக்குத் தைரியம் வந்தால் நல்லதுதான். ஆனால் சிறுநீர் விஷயத்தைக் கயிற்றோடு விட்டுவிடக் கூடாது. நின்றுபோன பழக்கம் திரும்ப வந்தால் பயம் மட்டுமே காரணம் என்று முடிவு கட்ட மாட்டேன். சிறுநீர் போகும்போது எரிச்சல், காய்ச்சல், அடிக்கடி தாகம், உடம்பு மெலிவது இருக்கிறதா பாருங்கள். இந்த வாரமே சிறுநீரும் சர்க்கரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். படுக்கை நனைந்த காலையில் திட்டு வேண்டாம்.

கடைசியாக அப்பா. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி, கடிபட்டவரை விட்டுவிட்டுப் போகும் இடத்தில் அழுவேன் என்பது. அந்தக் காட்சியில் என்ன நடக்கிறது? போகிறவருக்கும் இருப்பவருக்கும் ஒரு நிமிடம் கிடைக்கிறது. கையைப் பிடித்துக்கொள்கிறார்கள், முகத்தைப் பார்க்கிறார்கள், "நீ போ" என்று ஒரு வார்த்தை சொல்கிறார்கள். 2021-ல் உங்களுக்கு அந்த ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. அப்போது என்னிடம் வந்த பல குடும்பங்களுக்கும் கிடைக்கவில்லை. மூட்டையாகக் கட்டிய உடம்பைத் தூரத்தில் நின்று பார்த்தவர்கள் இன்றும் என் எதிரே உட்கார்ந்து வேறு ஏதோ வலியைச் சொல்லி மாத்திரை கேட்கிறார்கள். மற்ற படங்களில் உங்கள் மனம் ஒட்டாததும் இதில் ஒட்டுவதும் ஏன் என்று எனக்குப் புரிகிறது. அந்த அழுகையை அடக்காதீர்கள், அதற்காகக் கூச்சப்படாதீர்கள்.

ஆனால் அதைப் போனோடு மட்டும் நடுராத்திரியில் வைத்துக்கொள்ள வேண்டாம். அம்மா இருந்தால் அம்மாவிடம், இல்லாவிட்டால் கூடப் பிறந்தவர்களிடம் ஒரு விடுமுறை நாளில் போய் உட்காருங்கள். அந்தக் கடைசி நாட்களில் யார் போனில் பேசினார்கள், அவர் என்ன சொன்னார், என்ன கேட்டார் என்று பேசுங்கள். உங்களுக்குத் தெரியாத ஏதாவது அவர்களிடம் இருக்கலாம். திவசத்தன்று பேச நேரமில்லாமல் சமையலிலேயே போய்விடும், அதனால் வேறொரு நாளைத் தேர்ந்தெடுங்கள். இத்தனை வருடம் கழித்தும் தினமும் அந்த ஏக்கமே மேலோங்கி இருந்தாலோ, வேலையும் சாப்பாடும் பிடிக்காமல் போனாலோ, வாழ வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ, தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இரண்டில் எது வசதியோ அங்கே மனநலப் பிரிவுக்குப் போங்கள். ஷிப்டால் நேரம் அமையவில்லை என்றால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை, பஸ்ஸை விட்டு இறங்கும் பன்னிரண்டரை மணிக்கும் எடுப்பார்கள்.