பழைய கிளாரினெட்டை நானே சரிசெய்யலாமா, ரிப்பேர் செய்பவரிடம் கொடுப்பதா?

பரணில் கிடந்த மரக் கிளாரினெட்டில் பாதி சுரங்கள் பேசவில்லை, பேட் (துளைகளை மூடும் 'கீ' என்ற உலோக நெம்புகோலின் அடியில் இருக்கும் சின்ன மெத்தை) வாங்கி நானே ஒட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒட்டலாம். ஆனால் பேட் வாங்குவதற்கு முன் கிளாரினெட்டின் உடம்பில் எச்.பி. (HP) அல்லது எல்.பி. (LP) என்ற எழுத்துகள் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இரண்டு விதமான ஸ்ருதியில் கிளாரினெட் செய்தார்கள். எச்.பி. என்றால் உயர்ந்த ஸ்ருதி, எல்.பி. என்றால் தாழ்ந்த ஸ்ருதி. இன்று 440 ஹெர்ட்ஸில் இருக்கும் 'ஏ' சுரம் எச்.பி. கருவியில் 450-ஐத் தாண்டி ஒலிக்கும். துண்டுகளை இழுத்து நீட்டிச் சமாளிக்கலாம் என்று தோன்றும், முடியாது. துளைகளுக்கு நடுவே உள்ள தூரமே அந்த ஸ்ருதிக்காகப் போட்டது. மற்றவர்களோடு சேர்ந்து வாசிப்பதுதான் ஆசை என்றால், எச்.பி. கருவிக்குச் செலவு செய்யவே வேண்டாம்.

சரி, ஸ்ருதி பரவாயில்லை. அடுத்து காற்று எங்கே போகிறது என்று பாருங்கள். மேல் துண்டை நன்றாகத் துடைத்துவிட்டு (பூஞ்சை இருக்கும்), துளைகளை விரல்களால் மூடி, அடி முனையை உள்ளங்கையால் அடைத்து, மேல் முனையில் வாய் வைத்து உறிஞ்சுங்கள். கசிவு இல்லையென்றால் சில விநாடிகள் இழுத்துப் பிடித்து நிற்கும், விரலை எடுத்ததும் 'டப்' என்று சத்தம் வரும். நிற்கவில்லையா? சிகரெட் தாளில் மெல்லிய பட்டை ஒன்று வெட்டி, ஒவ்வொரு பேடுக்கும் துளைக்கும் நடுவே வைத்து, கீயை லேசாக மூடி இழுங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும். எந்தப் பக்கம் வழுக்குகிறதோ அங்கேதான் கசிவு.

கீயைத் தனியாகக் கழற்றி, சூடு காட்டிப் பழைய பேடை எடுத்து, அரக்கு உருக்கிப் புதியதைப் பதிப்பது பழகினால் வரும். கழற்றும்போது எந்தத் திருகு எங்கிருந்து வந்தது என்று படம் வரைந்து வையுங்கள், ஒன்று போல் இன்னொன்று இருக்காது. தொல்லை தருவது பேடின் தடிமன்தான். கொஞ்சம் தடித்துவிட்டால் கீல் பக்கம் முதலில் தொட்டு, முன்பக்கம் திறந்தே நிற்கும். அப்போது கீயைக் கையால் வளைக்கத் தோன்றும். வளைக்காதீர்கள், பழைய உலோகம் சட்டென்று உடையும். மெல்லிய பேடாகத் தேடுங்கள்.

மறுபடி கழற்றிச் செய்யக்கூடிய வேலையை நீங்கள் செய்யுங்கள், திரும்பப் பெற முடியாததை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கணக்கு. பேட், இணைப்புக் கார்க், சுத்தம் எல்லாம் உங்கள் பக்கம். அசையாத திருகு, துளை விளிம்பில் உடைசல், மரத்தில் விரிசல் எல்லாம் நிபுணர் பக்கம். துளை விளிம்பில் உப்புத்தாள் போடவே கூடாது. விரிசல் பெரும்பாலும் மேல் துண்டில், டிரில் கீ (இரண்டு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிக்க உதவும் கீ) துளைகளை ஒட்டி வரும். ஏதோ ஒரு பசையை ஊற்றி வைத்தால், ரிப்பேர்காரர் அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் தன் வேலையை ஆரம்பிக்க முடியும், அதற்கும் கூலி உண்டு.

கொடுக்கும்போது, வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவந்தால் போதுமா, முழு ஓவர்ஹால் வேண்டுமா என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் கூலி வித்தியாசம் பெரியது. மாணவர்களுக்கென்று செய்த சாதாரணக் கருவி என்றால், முழு ஓவர்ஹாலுக்கு ஆகும் காசு கருவியின் விலையையே தாண்டிவிடலாம். அப்படிப்பட்டதில்தான் தைரியமாகக் கைவைத்துப் பழகலாம்.

அப்புறம், மவுத்பீஸை வெந்நீரில் போடாதீர்கள். அது எபோனைட்டாக (கடின ரப்பர்) இருந்தால் நிறம் மாறிவிடும், குளிர்ந்த நீரே போதும். யார் சரிசெய்தாலும், நெடுநாள் சும்மா கிடந்த மரத்தை எடுத்தவுடன் மணிக்கணக்கில் வாசிக்க வேண்டாம். முதல் சில வாரங்கள் தினம் 10, 15 நிமிடம் வாசித்து, உள்ளே ஈரத்தைத் துடைத்து வையுங்கள். இல்லாத விரிசல் வருவது பெரும்பாலும் அப்போதுதான்.