பார்வையற்றோருக்கான குரல்வழி உதவியாளரை வடிவமைக்கும்போது எதை முதலில் கவனிக்க வேண்டும்?

கோலாலம்பூர்ப் பயணிகளுக்காகச் செய்வதாகச் சொல்கிறீர்கள். குரல் இனிமையெல்லாம் அப்புறம். செயலி பேசும்போதே குறுக்கிட்டு நிறுத்த முடிய வேண்டும். அந்நகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் சாலையைக் கடக்கும் பார்வையற்றவர் வண்டி வருவதைக் காதால்தான் அறிகிறார். அந்த நேரத்தில் நீட்டி முழக்கினால் ஆபத்து.

ஒவ்வொன்றுக்கும் “சரியா?” என்று கேட்டால் எரிச்சல்தான் வரும். “சென்ட்ரலுக்கு வழி: இடப்பக்கம் திரும்புங்கள்” என்றால், அவர் கேட்டது புரிந்தது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். பணம் கட்டும் இடத்தில் மட்டும் நிறுத்திக் கேளுங்கள்.

திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருளுக்குப் பழகியவர்கள் பலர், படுவேகமான பேச்சையும் கேட்டுப் புரிந்துகொள்வார்கள். வேகத்தை மாற்றும் வசதி கட்டாயம். நம்மவர்கள் “ஜாலான் துன் சம்பந்தன்ல பஸ் எப்ப?” என்று மலாய், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் கலந்துதான் பேசுவார்கள். பேச்சைக் கேட்டு எழுத்தாக மாற்றும் பேச்சுணரியை ஒரே மொழிக்குப் பழக்கியிருந்தால் அங்கே திணறும்.

கண்ணைக் கட்டிக்கொண்ட பொறியாளரை வைத்துச் சோதிக்காதீர்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. அங்கே பேசிப் பாருங்கள்.