நேற்றைய இருப்பு

அன்புள்ள சார்,

விழுப்புரத்தில் வங்கியில் வேலை பார்க்கிறேன். வயது 34. இரண்டு சிறுகதைகள் சிற்றிதழில் வந்திருக்கின்றன. தை முதல் நாளிலிருந்து தினமும் எழுதுவது என்று ஒரு நாவலை ஆரம்பித்தேன். காலை நாலு மணிக்கு அலாரம், ஒரு நாளைக்கு ஆயிரம் சொல். பதினொரு நாள் சரியாக நடந்தது. பன்னிரண்டாம் நாள் மகளுக்குக் காய்ச்சல். அதோடு நின்றுபோனது. இரண்டு மாதமாக அந்த நோட்டைத் திறக்கவே பயமாக இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை சொல் எழுதலாம்? காலையா, இரவா? கையால் எழுதுவதா, கணினியிலா? எனக்கு ஒழுக்கமே இல்லையோ என்று தோன்றுகிறது.

ம., விழுப்புரம்

அன்புள்ள ம.,

காலையா இரவா என்றால், உங்கள் வீட்டில் எப்போது சத்தம் அடங்குகிறதோ அப்போது. கையா கணினியா என்றால், எதில் முதுகு வலிக்கவில்லையோ அதில். இந்த இரண்டு கேள்விகளையும் இனி யாரிடமும் கேட்காதீர்கள். கேட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில் ஒரு பத்தி எழுதிவிடலாம்.

ஒழுக்கம் இல்லையோ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் கோபம் வந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட வேண்டும். நீங்கள் அதைத்தான் செய்திருப்பீர்கள். பன்னிரண்டாம் நாளில் ஒரு தவறும் கிடையாது. நான் பேச நினைப்பது பதிமூன்றாம் நாளைப் பற்றி.

உங்கள் கடிதம் வந்தபோது அப்பாவின் பழைய நாள்வழி நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருந்தேன். கோவில்பட்டிப் பக்கம் சின்ன மளிகைக்கடை எங்களுடையது. இரவு ஒன்பதரைக்குப் பலகைகளைப் போட்டு அடைத்ததும் அப்பா கல்லாவை எண்ணிவிட்டு நாள்வழியை விரிப்பார். மேலே தேதி. முதல் வரி எப்போதும் 'நேற்றைய இருப்பு'. அப்புறம் வரவு, செலவு. கடைசியில் இன்றைய இருப்பு. நாலணா உதைத்தால்கூட அது எங்கே போனது என்று தெரியாமல் படுக்க மாட்டார்.

சின்ன வயதில் ஒருநாள் கேட்டேன்: முந்தின பக்கத்தின் அடியில் எழுதிய அதே தொகையை எதற்கு மறுபடி இந்தப் பக்கத்தின் தலையில் எழுதுகிறீர்கள்? "வெறுந்தாள்ல கணக்கு தொடங்காதுய்யா. நேத்து மிச்சம் என்னன்னு தெரிஞ்சாத்தான் இன்னைக்குக் கை ஓடும்" என்றார்.

இது கதைக்கும் பொருந்தும் என்று புரிய எனக்கு நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. அதுவரை ஓர் அத்தியாயத்தை உட்கார்ந்த இடத்தில் முடித்துவிட்டு, கையில் ஒன்றும் மிச்சம் இல்லாமல் படுக்கப் போவேன். மறுநாள் காலையில் எதிரே வெறுந்தாள். அப்படி ஒரு நாவல் நூற்று நாற்பதாவது பக்கத்தில் செத்துப்போனது. இன்றுவரை அதை எடுக்க முடியவில்லை.

இப்போது இப்படிச் செய்கிறேன். அடுத்த இரண்டு வாக்கியங்கள் இன்னதென்று நன்றாகத் தெரிகிற இடத்தில் நிறுத்திவிடுகிறேன். எழுதத் துடிக்கும், எழுத மாட்டேன். அந்த இரண்டும் எதைப் பற்றி என்று மட்டும் ஓரத்தில் குறித்து வைக்கிறேன். மறுநாள் புதுப்பக்கத்தில் தேதி போட்டு, நேற்றைய கடைசி வரியை மறுபடி கையால் எழுதுகிறேன். அதற்கு முந்தின ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படிக்கிறேன். ஒரே ஒரு பக்கம். முதல் அத்தியாயத்திலிருந்து படிக்க ஆரம்பித்தால் திருத்தத் தோன்றும், திருத்த ஆரம்பித்தால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். கடைசி வரியைப் பார்த்து எழுதும்போது நேற்றைய குரல் திரும்பக் கிடைக்கிறது. கை அது பாட்டுக்கு ஓட ஆரம்பிக்கிறது. நீங்கள் வங்கிக்காரர், முந்தின நாள் இருப்பு இல்லாமல் உங்கள் கவுண்டரில் எந்தக் கணக்காவது தொடங்குமா? பிறகு ஏன் நாவலை மட்டும் தினமும் பூஜ்யத்திலிருந்து தொடங்கப் பார்க்கிறீர்கள்?

ஆண்டனி டிராலப் என்கிற ஆங்கில நாவலாசிரியரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1867 வரை தபால்துறையில் உத்தியோகம் பார்த்தவர், மொத்தம் 47 நாவல்கள் எழுதியவர். காலை ஐந்தரைக்கு மேஜையில் உட்கார்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் எழுதினார். எழுத்துப் பழக்கம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த 250-ஐ மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். உட்கார்ந்ததும் முதல் அரைமணி நேரம் முந்தின நாள் எழுதியதைக் காதால் கேட்டபடி படித்ததையும் அவர் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் நாள்வாரியாகக் குறிப்பேடு வைத்திருந்தார். எழுதாத நாளும் அதில் பதிவானது. என் கண்ணுக்கு அது நாள்வழிதான்.

உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரம் பஸ் பிடித்தால் புதுச்சேரி. அங்கே ரங்கப்பிள்ளை வீதியில் நடந்திருப்பீர்கள். பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் நாட்குறிப்பைத் தொடங்கி, 1761-ல் இறக்கும் காலம் வரை எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, யார் வீட்டில் கல்யாணம், துரை யார்மீது எரிந்து விழுந்தார் எல்லாம் அதில் உண்டு. பேச்சுத்தமிழ் அப்படியே கலந்த நடை. சில நாளுக்குச் சில வரி, சில நாளுக்குப் பக்கம் பக்கமாக. இடையில் விடுபட்ட நாட்களும் உண்டு. அடிப்படையில் அவர் ஒரு வியாபாரி, அன்றன்றைக்குப் பதிந்துவைத்துப் பழகிய கை. இந்தியாவில் பிரெஞ்சுக்காரர்களின் வரலாற்றை எழுதுகிற எவரும் இன்று அந்தக் குறிப்புகளைத் தாண்டிப் போக முடியாது.

சரி, பரணிலிருந்து இறக்கிய நோட்டுக்கு வருகிறேன். 1978-ம் வருஷத்து நாள்வழி. ஒரு பக்கத்தில் 'ஊரில் கடையடைப்பு. வரவு இல்லை' என்று மட்டும் இருக்கிறது. ஆனாலும் நேற்றைய இருப்பை எழுதி, அதையே இன்றைய இருப்பாகக் கீழே இறக்கியிருக்கிறார். இன்னும் சில பக்கம் தள்ளி, 'அம்மா தவறிட்டாங்க. கடை இல்லை.' அதன் கீழே கோடித்துணி, பூமாலை என்று இரண்டு செலவு. அன்றைக்கும் கூட்டி இருப்புக் கட்டியிருக்கிறார். மறுநாள் பக்கம் வழக்கம்போல 'நேற்றைய இருப்பு' என்று தொடங்குகிறது. அந்த இரண்டு பக்கங்களையும் மாறி மாறிப் பார்த்தபடி பரணுக்குக் கீழே தரையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பெற்ற தாயைப் பறிகொடுத்த ராத்திரியில், ஒரு மனுஷன் விளக்கடியில் உட்கார்ந்து பூமாலைக் காசைக் கணக்கில் ஏற்றியிருக்கிறார். அப்போது எனக்குப் பதினோரு வயது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. அந்தப் பக்கத்தில் கையெழுத்து மட்டும் கொஞ்சம் கோணிப்போயிருக்கிறது.

உங்கள் பன்னிரண்டாம் நாளில் 'பாப்பாவுக்குக் காய்ச்சல், எழுதவில்லை' என்று ஒரு வரி எழுதி, அதன் கீழே நாவலின் கடைசி வரியை இறக்கி வைத்திருந்தால் போதும். பதிமூன்றாம் நாள் திறப்பதற்கு ஒரு பக்கம் இருந்திருக்கும். இரண்டு மாதமாக நீங்கள் பயப்படுவது பதியாமல் விட்ட அந்த நாட்களைப் பார்த்துத்தான். இன்று இரவு திறந்து அத்தனை நாளுக்கும் சேர்த்து ஒரே வரியில் எழுதி மூடுங்கள். காரணம் தேடாதீர்கள், உங்களைத் திட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

எத்தனை சொல் என்று கேட்டிருந்தீர்கள். அதை இன்னொரு நாள் பேசலாம். முதலில் அந்தப் பதினோராம் நாளின் கடைசி வரி என்னவென்று எனக்கு எழுதி அனுப்புங்கள். பாப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்