ரோஜா காய்கிறதா? பாட்டில்களை ஓரமாக வையுங்கள்

கேள்வி: எட்டு மாதம் முன்பு தள்ளுவண்டியில் வாங்கிய சிவப்பு ரோஜா, தொட்டியில் இருக்கிறது. முதலில் நன்றாகப் பூத்தது. இப்போது கிளைகள் நுனியிலிருந்து கறுத்துக் காய்கின்றன. அடியிலைகள் கரும்புள்ளி விழுந்து, மஞ்சளாகி உதிர்கின்றன. அடியில் ஒரு கிளை மட்டும் செழிப்பாக நீள்கிறது, ஆனால் மொட்டே இல்லை. கடையில் மூன்று பாட்டில் மருந்து கொடுத்தார்கள். செடி பிழைக்குமா? – வாசகி, திருச்சி

அந்த மூன்று பாட்டிலும் இப்போது வேண்டாம். காய்ந்த கிளையின் பட்டையை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் அந்த இடத்தில் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் கீழே இறங்கிச் சுரண்டிப் பாருங்கள். ஒட்டுக்கு (தண்டின் அடியில் இரண்டு செடிகளை இணைத்த முடிச்சு) மேலே ஓரிடத்தில் பச்சை இருந்தாலும் காப்பாற்றலாம்.

நுனிக்கருகல் பூஞ்சையால் வருவது. வெட்டுக்காயம் வழியாக நுழையும். கறுப்பு முடியும் இடத்துக்கு ஓரிரு அங்குலம் கீழே, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக வெட்டுங்கள். தண்டின் நடுவில் பழுப்பு தெரிந்தால் இன்னும் கீழே போங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்திரியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். காயத்தில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லித் தூளைக் குழைத்துத் தடவுங்கள், கையுறை போட்டுக்கொண்டு.

கரும்புள்ளி விழுந்த இலைகளைப் பறித்து, உதிர்ந்ததையும் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள். இலை ஏழெட்டு மணி நேரம் ஈரமாக இருந்தால் இந்தப் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். அதனால் காலையில், வேருக்கு மட்டும் தண்ணீர்.

இனி அந்தச் செழிப்பான கிளை. பெரும்பாலும் அது உங்கள் ரோஜாவே இல்லை. கடை ரோஜாக்களை முரட்டு ரோஜாவின் வேர்த்தண்டில்தான் ஒட்டுகிறார்கள். ஒட்டு முடிச்சுக்குக் கீழிருந்து கிளைத்தால், அது வேர்ச்செடியின் கிளை. சத்தையெல்லாம் அது உறிஞ்சிக்கொள்ளும், மேலே இருப்பது காயும். மண்ணை விலக்கி, புறப்படும் இடத்திலேயே பிய்த்தெடுங்கள். பாதியில் வெட்டினால் பல கிளையாக வரும். "ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுக்கிளை" என்பதை நம்பாதீர்கள். நல்ல ரகங்களிலும் ஏழு வரும். எங்கிருந்து கிளைக்கிறது என்பதுதான் கணக்கு. ஒரு விதிவிலக்கு உண்டு. பன்னீர் ரோஜா போல குச்சி நட்டோ பதியன் போட்டோ வளர்த்த செடிக்கு ஒட்டே கிடையாது. அதில் அடியிலிருந்து வரும் புதுக்கிளைதான் அடுத்த பூவைத் தரும், அதைத் தொடக்கூடாது. வெட்டுமுன் தண்டின் அடியில் முடிச்சு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். முடிச்சு இல்லையென்றால் கத்திரியைக் கீழே வைத்துவிடுங்கள்.

அடுத்தது வண்டிக்காரர் விற்கும் செடி. பூ நிறைந்த செடியைத்தான் கொண்டுவருவார்கள். வேரைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டை இருக்கும், பல சமயம் ஒட்டில் கட்டிய பிளாஸ்டிக் நாடாவையும் அவிழ்த்திருக்க மாட்டார்கள். உங்கள் செடியில் நாடா இருந்தால் இன்றே அறுத்துவிடுங்கள். விதைப் பாக்கெட்டில் ரகமும் காலாவதித் தேதியும் இருக்கின்றன. நாற்றுக்கு மட்டும் எந்தச் சீட்டும் இல்லை. எந்த வேர்த்தண்டு, எப்போது ஒட்டியது என்று கேட்டால் விற்பவருக்கே தெரியாது. சந்தேகம் கேட்க அரசு அலுவலகம் போனால் எத்தனை ஏக்கர் என்கிறார்கள். ஒற்றைத் தொட்டிக்காரர் யாரிடம் போவார்? மருந்துக்கடையிடம்தான். கடைக்காரர் செடியைப் பார்க்காமலே "டானிக்" எடுத்து நீட்டுகிறார். நோயுற்ற வேருக்கு உரமும் டானிக்கும் கூடுதல் சுமை. இது மாறாதவரை பாட்டில் வாங்குமுன் நோயின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

வெட்டியபின் வெயில் குறைந்த இடத்தில் ஒரு வாரம் வைத்து, பிறகு ஆறு மணி நேரம் வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். புதுத்துளிர் ஒரு விரல் நீளம் வந்தபின் இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போடலாம்.