பதில்: ஞானஸ்நானம் பெற்றவர் எஸ்.சி. சான்றிதழ் வாங்கலாமா?

தம்பி, ஞானஸ்நானம் பெற்று ஆலயம் போகிற உன்னை, “இந்துன்னு போடு, எஸ்.சி. கோட்டாவில் சீட் உறுதி” என்று மாமா வற்புறுத்துவதாக எழுதியிருக்கிறாய். போடாதே.

1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி எஸ்.சி. தகுதி இந்து, சீக்கிய, பௌத்தர்களுக்கு மட்டும். ஞானஸ்நானம் சாதியைக் கழுவிவிடுவதில்லை. ஆகவே இது அநீதி என்றே நினைக்கிறேன். ஆனாலும் அதற்காக விசுவாசத்தை மறுத்துக் கையெழுத்துப் போடக் கூடாது. சட்டமும் விடாது. புதுச்சேரியில் ஞானஸ்நானம் பெற்ற பெண் ஒருவர் வேலைக்காக எஸ்.சி. சான்றிதழ் கேட்டபோது, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது. பொய்ச் சான்று நிரூபணமானால், எத்தனை வருஷ சர்வீஸ் இருந்தாலும் வேலையும் பட்டமும் போகும் என்பது அதே நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பு.

உனக்கு உரிமையானது பி.சி. சான்றிதழ். ‘ஆதிதிராவிடரிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்’ என்று தமிழ்நாட்டுப் பட்டியலிலேயே இருக்கிறது. இ-சேவை மையத்தில் விண்ணப்பி. அப்பாவின் சான்றிதழில் ‘இந்து’ என்றிருந்தால் வி.ஏ.ஓ. விசாரணையில் அங்கேதான் மாட்டும். ஞானஸ்நானச் சான்றையும் டி.சி.யையும் சேர்த்தே வை. மத்திய அரசுக் கல்லூரி, வேலைகளுக்கு ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும்.

ஸ்காலர்ஷிப்பை விட்டுவிடாதே. மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர்களுக்கும் ஆதிதிராவிடர் நலத்துறை கல்வி உதவித்தொகை தருகிறது. கல்லூரி அலுவலகத்தில் இந்த வாரமே கேள்.