ஓநாய்க்கு ஏது தலைவன்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓநாய்கள் பற்றிய ஆவணப்படம் ஒன்று பார்த்தேன். ஆல்ஃபா ஆண் சண்டையிட்டுத் தலைமையைப் பிடிக்கிறது, மற்றவை அடங்கிப்போகின்றன. மனிதர்களிலும் அப்படிச் சிலர் பிறக்கிறார்கள் என்று தோன்றியது. அது போகட்டும். என் கேள்வி: எண்ணிக்கை பெருகிய இடத்தில் ஆண்டுக்குச் சில ஓநாய்களைச் சுட அனுமதித்தால் என்ன தவறு? ஆடு மாடு வளர்ப்பவர்களின் நஷ்டத்தையும் பார்க்க வேண்டாமா?

கே.

அன்புள்ள கே.,

அது எப்படிப் போகும்? சில வாரங்களாக நான் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

விலங்கு ஆய்வாளர் ருடால்ஃப் ஷென்கெல் 1947இல் ஓநாய்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். நீங்கள் சொல்லும் ‘ஆல்ஃபா’ கதை அங்கிருந்துதான் கிளம்பியது. அவர் பார்த்தவை சுவிட்சர்லாந்தின் பாசல் உயிரியல் பூங்காவின் அடைப்புக்குள் இருந்த ஓநாய்கள். விலகிப்போக வழியில்லாத இடத்தில் அடித்துக்கொள்ளத்தான் செய்யும். சிறைக்கூடத்தை எட்டிப்பார்த்துவிட்டு இதுதான் குடும்ப வாழ்க்கை என்று எழுதியதுபோல ஆயிற்று. அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1970இல் எழுதிய நூல் அந்தக் கதையை ஊர் ஊராகக் கொண்டுபோனது. அதே மீச் 1986 முதல் கோடைதோறும் கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவுக்குப் போய்க் காட்டு ஓநாய்களின் அருகிலேயே இருந்து பார்த்தார். 1999இல் ‘ஆல்ஃபா’ என்ற சொல்லே பொருந்தாது என்று எழுதினார். தன் நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பாளரிடம் கெஞ்சவும் செய்தார்.

என்னிடம் அந்த நேர்மை இல்லை. என் பழைய கட்டுரைத் தொகுப்பொன்றில் ‘ஆல்ஃபா’ பற்றி வீராவேசமாக இரண்டு பக்கம் இருக்கிறது. மூன்று பதிப்பு வந்தும் நான் அதை எடுக்கவில்லை. அந்தப் பக்கங்களுக்குத்தான் பாராட்டுக் கடிதங்கள் அதிகம் வந்தன!

காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஓர் அப்பா, ஓர் அம்மா, கடந்த இரண்டு மூன்று ஈற்றுப் பிள்ளைகள். அவ்வளவுதான். வேட்டையாடித் தின்ற கறியை வயிற்றில் சுமந்து வளைக்குத் திரும்புவார்கள். குட்டிகள் வாயை நக்கி நக்கிக் கேட்கும், கக்கிக் கொடுப்பார்கள். மூத்த அண்ணன் அக்காக்களும் கொடுப்பார்கள். வளர்ந்த பிள்ளை ஒருநாள் துணை தேடித் தனியே கிளம்பிவிடும். தகப்பனைத் தள்ளிவிட்டு எந்த நாற்காலியில் உட்காரப்போகிறது? ஓநாய் சாது என்று நான் சொல்லவில்லை, அயல் கூட்டத்து ஓநாயைக் கொல்லும். ஆனால் அலுவலகத்தில் கத்துகிறவர்களுக்குச் சாட்சி சொல்ல அதைக் கூப்பிடாதீர்கள். எரிச்சலாக வருகிறது.

நஷ்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காவல் நாய், இரவில் பட்டியில் அடைப்பது, இழப்பீடு என்று வழிகள் இருக்கின்றன. என்னைவிட நன்றாகச் சொல்ல ஆட்கள் உண்டு.

‘சில’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓநாயே இல்லாமல் போய், 1995, 96இல் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த வழியில் 2006இல் பிறந்தவள் ‘06’. பிறந்த ஆண்டுதான் பெயர். 2012 டிசம்பரில் பூங்கா எல்லைக்கு வெளியே, சட்டப்படி அனுமதி பெற்ற வேட்டைக்காரர் ஒருவர் அவளைச் சுட்டார். கணக்கில் ஒன்று. கூட்டத்தில் மிஞ்சிய பெண்கள் அவள் துணைவனுக்கு மகள்கள். அவன் வேறு துணை தேடிப் போக வேண்டியதாயிற்று.

நான்காம் பதிப்புக்கு அந்த இரண்டு பக்கங்களை இன்று அடித்துவிட்டேன். பதிப்பாளர் காரணம் கேட்டார். உங்கள் கடிதத்தை அனுப்பிவைத்தேன், கோபிக்க வேண்டாம்.